சூடு முதலில் வந்ததா, கசிவு முதலில் வந்ததா? ஒரு பெட்ரோல் காரின் நிகழ்வு ஆய்வு

ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதே அந்த வண்டிக்குத் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, இன்ஜினின் தலையைக் கழற்றியே ஆக வேண்டும் என்று முன்பு பார்த்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். வண்டிக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "தம்பி, பிரிக்கிறதுக்கு முன்னால இன்னொருத்தர் கண்ணும் பார்த்துடட்டும்னுதான் கொண்டுவந்தேன்" என்றார்.

நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஒன்பது வயது. 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நெரிசலில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது, சாலையில் ஓடினால் இறங்கிவிடுகிறது. வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஈரம், கூடவே எண்ணெய்ப் பொட்டு. இதுதான் புகார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், இந்த வண்டியில் நாலைந்து பழுதுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன என்பது. அதைவிட முக்கியமாக, சரிசெய்வதாக நினைத்து யாரோ செய்த ஒரு வேலை, கெடாத ஹெட் கேஸ்கட்டுக்கு எதிராகப் பொய்ச் சாட்சியை உண்டாக்கி வைத்திருந்தது. அந்தச் சாட்சியை நம்பியிருந்தால் ஒரு நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்போம். பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்தால் சூடு அப்படியேதான் இருந்திருக்கும்.

நோட்டில் இருந்தது

சூடாகும் வண்டியும் ஒழுகும் வண்டியும் ஒன்றாகவே இருக்கும்போது நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். தண்ணீர் குறைந்ததால் சூடானதா, சூடானதால் தண்ணீர் குறைந்ததா? இரண்டும் நடக்கும். கசிவால் அளவு குறைந்தால், சுற்றிவர நீரில்லாமல் சூடேறும். வேறு காரணத்தால் சூடேறினால், அழுத்தம் கூடி ரேடியேட்டர் மூடி வழியாகவோ பலவீனமான ஏதோ ஒரு இணைப்பு வழியாகவோ நீர் வெளியேறும். வண்டி நம்மிடம் வரும்போது இரண்டும் சேர்ந்தே இருப்பதால், எது முதல் என்று வண்டியைப் பார்த்து மட்டும் சொல்ல முடிவதில்லை. ஓட்டுபவரைக் கேட்டாக வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய உதவி கிடைத்தது. ஆசிரியர் ஒரு நோட்டு வைத்திருந்தார். பெட்ரோல் போட்ட நாள், காற்று பிடித்த நாள், தண்ணீர் ஊற்றிய நாள், அன்றைய கிலோமீட்டர், எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. இப்படி ஒரு நோட்டு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒருவரின் ஞாபகத்தில் "கொஞ்ச நாளா" என்று இருப்பது, நோட்டில் தேதியாக இருக்கும்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு வரி: நிற்கும்போது ஏசி குளிரவில்லை, ஓடும்போது குளிர்கிறது. பத்து நாள் கழித்து, ஏசி கேஸ் நிரப்பியது, மாற்றமில்லை. அதற்கு மூன்று வாரம் கழித்து, நெரிசலில் முள் முக்கால் அளவுக்கு ஏறியது. "ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுப் பார்த்தேன், தண்ணீர் சரியாக இருந்தது" என்று எழுதியிருந்தார். தண்ணீர் ஊற்றியதாக முதல் குறிப்பு அதற்கும் ஒரு மாதம் பிந்தியது. பிறகு 400 கிலோமீட்டருக்கு ஒரு முறை, கடைசியில் 200-க்கு ஒரு முறை. நடுவில் ஓர் இடத்தில், தெர்மோஸ்டாட் (நீர் போதிய சூடேறியதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் வால்வு) எடுத்துவிட்டார்கள் என்று இருந்தது. எண்ணெய்ப் பொட்டைப் பற்றிய குறிப்பு கடைசி மாதத்தில்தான் வருகிறது.

"தண்ணீர் சரியாக இருந்தது" என்ற அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். முதல் தடவை முள் ஏறியபோது நீர் குறையவே இல்லை. அப்படியானால் தொடக்கம் கசிவு இல்லை. ஏசி பற்றிய வரியும் மனசில் நின்றது. அவர் ஏசியை ஒரு தனிப் பழுதாகவும் சூட்டை வேறொரு பழுதாகவும் எழுதியிருந்தார். நிற்கும்போது மட்டும் ஏசி குளிராமல் போவதும், நிற்கும்போது மட்டும் இன்ஜின் சூடாவதும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று தானாக வந்து ரேடியேட்டரையும் அதன் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரையும் குளிர்விக்கும். நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி.

கழற்றாமல் பார்த்தவை

வண்டி சூடாகவே வந்து சேர்ந்ததால் முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். இதில் அவசரப்படக் கூடாது. 100 டிகிரிக்கு மேல் இருக்கும் நீர் அழுத்தத்தால்தான் நீராகவே அடங்கி இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அப்படிக் கை வெந்த ஒருவரையாவது தெரியும்.

திறந்தபோது ரேடியேட்டரில் இரண்டு விரல் அளவுக்கு நீர் குறைவாக இருந்தது. நிறம் வெளிறிய பச்சை. கலவையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் கூலண்ட் (நீரோடு கலக்கும் குளிர்விப்புத் திரவம்) பங்கு 20 சதவீதம் கூட இல்லை. மாதக்கணக்கில் வெறும் தண்ணீரை ஊற்றியதன் விளைவு. கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் நீரும் சமபங்காக இருந்தால் திறந்த நிலையில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் அது 125-ஐத் தாண்டும். நீர் மட்டும் என்றால் அதே அழுத்தத்தில் 120. கொதிநிலை வித்தியாசத்தைவிடப் பெரிய நஷ்டம், கூலண்டில் இருக்கும் துரு தடுக்கும் பொருள்கள் நீர்த்துப் போவது. அலுமினியமும் வாட்டர் பம்பின் சீலும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

நிறத்தை வைத்து கூலண்டின் வகையை முடிவு செய்யக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம் என்பதெல்லாம் தயாரிப்பவர் சேர்க்கும் சாயம். ஒரே நிறத்தில் வேறு வேறு வேதிப்பொருள்கள் இருக்கும். வண்டியின் கையேட்டில் எந்தத் தரம் சொல்லியிருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து மூடி. சின்னப் பொருள் என்பதால் பலரும் அதைச் சோதிப்பதே இல்லை. இந்த மூடியின் மேல் 1.1 பார் என்று பொறித்திருந்தது. சோதனைப் பம்பில் மாட்டி அழுத்தினால் 0.4-லேயே திறந்துகொண்டது. உள்ளே ரப்பர் வெடித்திருந்தது. 0.4 பாரில் வெறும் நீர் 110 டிகிரிக்குள் கொதித்துவிடும். இன்ஜின் தலைக்குள் சிலிண்டரைச் சுற்றி இருக்கும் நீர், சென்சார் காட்டும் அளவைவிடச் சூடாகவே இருக்கும். ஆகவே முள் ஆபத்தைக் காட்டும் முன்பே உள்ளே கொதிப்பு தொடங்கியிருக்கும்.

மூடிக்குப் பதில் கைப்பம்பை மாட்டி, நீரை நிரப்பி, 1 பாருக்கு ஏற்றிப் பதினைந்து நிமிடம் விட்டேன். முள் அசையவில்லை. டார்ச்சை வைத்துக்கொண்டு ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் கசிவுத் துளை, ஹீட்டர் குழாய்கள், முன்சீட்டின் கால்விரிப்புக்கு அடியில் ஈரம், எல்லாம் பார்த்தோம். எங்கும் ஒன்றுமில்லை. வெளியே கசிவு இல்லை, மூடி வழியாகப் போனதுதான் என்று எழுதி வைத்தேன். அது தவறு. ஏன் தவறு என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

ஃபேன் ஓடுகிறது, ஆனால்

இன்ஜின் கணினியின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டாஷ்போர்டு முள்ளை நம்பி இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. பல வண்டிகளில் 80 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள், ஓட்டுபவர் பயப்படக் கூடாது என்று. முள் நகர ஆரம்பித்தது என்றால் இன்ஜின் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வண்டியின் கையேட்டின்படி 96 டிகிரியில் ஃபேன் மெதுவான வேகத்தில் ஓட வேண்டும், 105-ல் முழு வேகம். ஏசி போட்டால் உடனே மெதுவான வேகம். 96 வந்தது, ஃபேன் அசையவில்லை. 100. அசையவில்லை. 105-ல் திடீரென்று பெரும் இரைச்சலோடு சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் 99-க்கு இறங்கி நின்றது. மறுபடி ஏறியது.

இங்கேதான் முன்பு பார்த்தவர்கள் எல்லோரும் வழுக்கியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்தி வைத்து, சூடேறும் வரை காத்திருந்து, ஃபேன் சுற்றுவதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஃபேன் நன்றாக இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்கள். அவர்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் எத்தனை டிகிரியில் சுற்றுகிறது, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று கேட்டிருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம்.

ஸ்கேனரிலிருந்து மெதுவான வேகத்துக்கு ஆணை கொடுத்தேன். ரிலே டிக் என்று சத்தம் கொடுத்தது, ஃபேன் அசையவில்லை. இந்த அமைப்பில் முழு வேகத்துக்கு மின்சாரம் நேரே மோட்டருக்குப் போகும். மெதுவான வேகத்துக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். ரெசிஸ்டரின் ஒரு பக்கம் 12.5 வோல்ட், மறுபக்கம் ஒன்றுமில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. அதன் சாக்கெட் பழுப்பேறி உருகியிருந்தது.

ஏசியைப் போட்டு அதே சோதனையைத் தொடர்ந்தபோது வெப்பம் 112 வரை ஏறியது, ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தும். மூடி வழியாக நீர் சத்தத்தோடு ரிசர்வ் டப்பாவுக்குள் கொட்டி, அங்கே கொப்புளம் கிளம்பியது. அதோடு இன்ஜினை நிறுத்திவிட்டேன். முழு வேக ஃபேன் ஓடியும் ஏன் இறங்கவில்லை? இரண்டு காரணம் கிடைத்தது. பம்பரைக் கழற்றிப் பார்த்தபோது, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பஞ்சும் பூச்சிகளும் தூசியும் கெட்டியாகப் படிந்து, கீழ்ப்பாதியில் காற்றே புகாத நிலை. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும், பின்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத் தெரியும். அடைப்பு இரண்டுக்கும் நடுவில்.

இரண்டாவது காரணம், எடுத்துவிட்ட தெர்மோஸ்டாட். வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு என்பது நம் தொழிலில் வேர்விட்ட பழக்கம். தடை எடுத்தால் நீர் தாராளமாக ஓடும் என்ற எண்ணம். பழைய சில இன்ஜின்களில் அது ஓரளவு ஒத்துவரலாம். ஆனால் இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே, அதன் மறுமுனையில் இருக்கும் தட்டு பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நெரிசலில், பம்ப் மெதுவாகச் சுற்றும் நேரத்தில், அந்தப் பங்கு ரொம்பவே உறைக்கும்.

சாலையில் ஓடும்போது இதற்கு நேரெதிர். ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக்குறியீடு பதிந்திருந்தது. கூலண்ட் வெப்பநிலை தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குக்கூட வரவில்லை என்று அதற்கு அர்த்தம். ஓட்டிப் பார்த்தபோது 68 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. ஆக, இந்த இன்ஜின் சாலையில் குளிரில் நடுங்கிக்கொண்டும் நெரிசலில் கொதித்துக்கொண்டும் இருந்தது.

ஹெட் கேஸ்கட் மேல் இருந்த சந்தேகம்

முன்பு பார்த்தவர்கள் ஹெட் கேஸ்கட் என்று சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மஞ்சள் கலந்த வெண்ணெய் மாதிரி பிசுக்கு. ரிசர்வ் டப்பாவில் கொப்புளம். நீர் குறைகிறது. மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் அதுதான் தோன்றும்.

ஆனால் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் சுத்தமாக, தெளிந்த பழுப்பில் இருந்தது. ஆயிலில் கூலண்ட் கலந்திருந்தால் பாலாடை மூடியில் மட்டும் நிற்காது, டிப்ஸ்டிக்கிலும் ஏறும், அளவும் கூடும். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால், எரிதலில் உண்டாகும் நீராவி ஆவியாகி வெளியேறாமல் குளிர்ந்த மேல்பகுதியில் படியும். அதிலும் ஆசிரியர் பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஓட்டுவது நாலைந்து கிலோமீட்டர்தான். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின், குறைந்த தூரம்: பிசுக்கு படிய வேறெதுவும் தேவையில்லை. நான் மேலே சொன்ன பொய்ச் சாட்சி இதுதான்.

இப்படி யோசனையில் மட்டும் விட்டுவிட முடியாது, சோதித்தாக வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் அழுத்தமானியை மாட்டி ஸ்டார்ட் செய்தோம். கேஸ்கட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு புகுந்தால், நீர் சூடாவதற்கு முன்பே, அரை நிமிடத்தில் முள் குதிக்கும். மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். அப்படி எதுவும் இல்லை. சூட்டோடு சேர்ந்து மெதுவாகத்தான் ஏறியது. அடுத்து ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து, மேலே நிற்கும் காற்றை உறிஞ்சிப் பார்த்தோம். கரியமில வாயு இருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். பல நிமிடம், ஆக்சிலரேட்டரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம், நீலமாகவே நின்றது. இந்தச் சோதனையில் ஒரு கவனம் வேண்டும். உறிஞ்சும்போது கூலண்ட் ஒரு சொட்டு குழாய்க்குள் போனாலும் முடிவு கெட்டுவிடும், அதனால் ரேடியேட்டரில் கொஞ்சம் நீரை இறக்கிவிட்டே செய்ய வேண்டும்.

கம்ப்ரெஷன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தம்) 12.4, 12.2, 12.5, 12.1 பார். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்து குறையவில்லை. நான்கு பிளக்குகளும் ஒரே நிறம். எந்த ஒன்றும் மற்றவற்றைவிட ஆவியில் கழுவினாற்போல வெளுத்திருக்கவில்லை. டப்பாவில் கண்ட கொப்புளம், கெட்ட மூடியால் நீர் கொதித்ததில் வந்த ஆவி. இவ்வளவுக்கும் பிறகு ஆசிரியரைக் கூப்பிட்டு, "சார், ஹெட்டைத் தொட வேண்டாம்" என்றேன். அவர் உடனே பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எப்படித் தெரிஞ்சுது, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று நோட்டைத் திறந்தார்.

மறுநாள் காலை

இரவு வண்டியை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டார். என்னிடம் வேலை பழகும் பையன் வழக்கப்படி வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, நான்கு சக்கரங்களும் எங்கே நிற்கின்றன என்று மார்க்கரில் வரைந்துவிட்டுப் போனான். வண்டியை எடுத்த பிறகும் எந்தப் பொட்டு எந்த உறுப்புக்கு நேர் கீழே விழுந்தது என்று சொல்ல அந்தக் கோடு வேண்டும்.

காலையில் முதலில் வந்தவன் அவன்தான். "அண்ணே, மூணு விதமா இருக்கு" என்று போன் செய்தான். போய்ப் பார்த்தேன். முன்சீட்டுக்கு நேராக ஒரு ஈரம், உலர்ந்து அலைக்கோடு மட்டும் மிச்சம். நிறமில்லை, வாசனை இல்லை. அது ஏசி நீர், அதை விட்டுவிடலாம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் இரண்டு பழுப்புப் பொட்டு, விரலில் தேய்த்தால் எண்ணெய். மூன்றாவது, வண்டியின் முன்பக்கம் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய பச்சை, லேசான இனிப்பு வாசனை. கூலண்ட்.

(கூலண்ட் சிந்திய இடத்தை அப்படியே விடக் கூடாது. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு, சின்ன அளவே போதும். நிறைய நீர்விட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தோம்.)

முந்தைய நாள் ஒரு சொட்டும் காட்டாத வண்டி இரவில் எப்படி ஒழுகியது? நான் அழுத்தச் சோதனையைச் செய்தது வெதுவெதுப்பான இன்ஜினில். இப்போது முழுக்கக் குளிர்ந்திருந்த நிலையிலேயே பம்பை மாட்டி 1 பார் ஏற்றினேன். பத்து நிமிடத்தில் 0.7-க்கு இறங்கிவிட்டது. கீழே படுத்துப் பார்த்தால், ரேடியேட்டரின் வலப்பக்க பிளாஸ்டிக் தொட்டி அலுமினிய உடலோடு சேரும் மடிப்பில், கீழ்மூலையில், மெல்லிய நீர்முத்து வரிசை. அங்கே சொட்டிய நீர் அடிப்பலகையில் விழுந்து நடுவரை ஓடி, அங்கிருந்த துளை வழியாகத் தரைக்கு வந்திருக்கிறது. பொட்டு நடுவில், கசிவு ஓரத்தில்.

அந்த மடிப்பில் பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து அது இறுகிப்போயிருந்தது. சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் விரிந்து சீலை நெருக்கிப் பிடிக்கும், கசிவு நிற்கும். குளிர்ந்தால் எல்லாம் சுருங்கும், இடைவெளி விழும். மேலே நிற்கும் நீரின் எடையே சொட்ட வைக்கப் போதும். நேர்மாறான கசிவுகளும் உண்டு, சூடானால் மட்டும் வாய் திறக்கும் விரிசல்கள். அவற்றில் ஒழுகும் நீர் சூடான இரும்பில் பட்டு ஆவியாகி, தரையில் ஈரமே காட்டாமல் வெள்ளைப் படிவத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அதனால் அழுத்தச் சோதனையைக் குளிரிலும் சூட்டிலும் இரண்டு தடவை செய்தால்தான் அது சோதனை. எனக்கு இது தெரியாததில்லை. மூடி கெட்டது என்று ஒரு விடை கைக்குக் கிடைத்ததும், இன்னொரு கசிவு இருக்கலாம் என்று தேடுவதை நிறுத்திவிட்டேன்.

எண்ணெய்ப் பொட்டு

எண்ணெய் விழுந்த இடம் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். அங்கே எண்ணெய் தெரிந்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் என்பார்கள். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஆனால் எண்ணெய் எப்போதும் கீழே இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்திருக்கும் இடங்களில் ஆக உயரமானதும் ஆக முன்னால் இருப்பதும் எது என்றுதான் தேட வேண்டும். அழுக்கேறிய இன்ஜினில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நன்றாகக் கழுவித் துடைத்து, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, இரண்டு நாள் 60 கிலோமீட்டர் ஓட்டச் சொன்னோம்.

புற ஊதா விளக்கில் பார்த்ததும் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. டேப்பட் கவர் (இன்ஜின் தலையின் மேல்மூடி) கேஸ்கட்டின் பின்மூலையில் தொடங்கி, இன்ஜின் பின்புறம் வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் இணைப்பில் சொட்டியிருந்தது. பின்பக்க சீலைச் சுற்றி ஒளியே இல்லை. கேஸ்கட்டைக் கழற்றினால் ரப்பராக இல்லை, பிளாஸ்டிக் குச்சி மாதிரி ஒடிந்தது. கிராங்க் கேஸ் காற்றுவழி அடைந்திருந்தால் உள்ளழுத்தம் புதுக் கேஸ்கட்டையும் தள்ளிவிடும் என்பதால் அந்த வால்வையும் பார்த்தோம். அது சரியாகவே இருந்தது.

ஐந்து மாதத்தில் நடந்தது

ஆசிரியரின் நோட்டையும் எங்கள் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதலில் ரெசிஸ்டர் அறுந்தது. நின்றால் ஏசி குளிராமல் போனது அன்றிலிருந்துதான். அதன்பின் நெரிசலில் நின்ற ஒவ்வொரு தடவையும், ஏற்கெனவே அடைந்திருந்த ரேடியேட்டரோடு, இன்ஜின் 105-ஐத் தொட்டு அதற்கு மேலும் போய்த் திரும்பியது. வயசான மூடி அடிக்கடி முழு அழுத்தத்தைத் தாங்க வேண்டிவந்து தளர்ந்தது, நீர் வெளியே போகத் தொடங்கியது. வெறும் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கொதிநிலை இறங்கியது. தொட்டியின் சீல் தினமும் வெந்து குளிர்ந்து சுருங்கியது, இரண்டாவது கசிவு திறந்தது. அப்புறம் தெர்மோஸ்டாட்டை எடுத்தார்கள். அதனால் நெரிசலில் இன்னும் சூடு, ஆயில் மூடியில் பிசுக்கு. வண்டி எங்களிடம் வந்த நாளில் நீர் குறைவதால்தான் சூடேறுகிறது என்று பார்த்தால் அது அன்றைக்கு உண்மை. தொடங்கியது சூட்டில்.

கசிவை மட்டும் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். புது ரேடியேட்டர், புது மூடி, சில வாரம் நிம்மதி. பிறகு அதே நெரிசலில், இப்போது முன்பைவிடக் கூடிய அழுத்தத்தோடு, முள் மறுபடி ஏறியிருக்கும்.

செய்த வேலையும் சரிபார்ப்பும்

ரெசிஸ்டரும் சாக்கெட்டும் மாற்றினோம். மாற்றும் முன் ஃபேன் மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தோம். மோட்டரின் பேரிங் இறுகி அதிகமாக இழுத்தால் புது ரெசிஸ்டரும் சீக்கிரம் எரியும். அளவு கையேட்டின் எல்லைக்குள் இருந்தது, கையால் சுற்றினாலும் தடையில்லாமல் சுற்றியது. ரேடியேட்டர் புதிது, மடிப்பைத் திரும்ப இறுக்கிப் பசை போடுவது நிற்காது. கசிவை அடைக்கும் தூள், திரவம் எதையும் நான் ஊற்றுவதில்லை. ஓட்டையை அடைப்பது ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். மூடி, தெர்மோஸ்டாட், டேப்பட் கவர் கேஸ்கட் புதிது. கண்டென்சரை உள்ளிருந்து வெளியே நோக்கி மெல்லிய நீர்வீச்சில் கழுவினோம்.

பழைய நீரை முழுக்க இறக்கி, தெளிந்த நீர் வரும்வரை அலசி, கையேடு சொன்ன கூலண்டைக் காய்ச்சி வடித்த நீரோடு சமபங்காக நிரப்பினோம். ஏர் லாக் எடுப்பதில் பொறுமை வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேலே இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து, கொப்புளம் இல்லாமல் நீர் வரும்வரை விட்டோம். காற்று உள்ளே நின்றுவிட்டால் சென்சார் நீரில் நனையாமல் காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே அளவு குறைவாகக் காட்டும்.

பிறகு ஏசியைப் போட்டு நாற்பது நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டோம். ஃபேன் ஏசியோடு சேர்ந்து மெதுவான வேகத்தில் உடனே கிளம்பியது. வெப்பம் 92-க்கும் 98-க்கும் இடையிலேயே நின்றது. முழு வேகம் தேவைப்படவே இல்லை. சாலையில் 88 முதல் 91. பி0128-ஐ அழித்தோம், திரும்ப வரவில்லை. இரவு முழுக்கக் குளிரவிட்டுக் காலையில் 1.1 பாரில் இருபது நிமிடம் வைத்தோம், முள் நின்றது. சூடான நிலையில் மறுபடி ஒரு தடவை, அதிலும் நின்றது. அட்டையில் ஏசி நீர் மட்டும்.

மூன்று வாரம் கழித்து ஆசிரியர் வந்தார், நோட்டோடு. டப்பாவில் நாங்கள் வரைந்திருந்த கோட்டிலேயே நீர் நின்றது, கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆயில் மூடியின் அடி சுத்தம். நிற்கும்போதும் ஏசி குளிர்கிறது என்று அதற்கென்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்.

வாட்டர் பம்பை மட்டும் நான் மாற்றவில்லை. கசிவுத் துளை உலர்ந்திருக்கிறது, தண்டில் ஆட்டம் இல்லை. ஆனால் பல மாதம் வெறும் நீரில் ஓடிய சீல் அது. அடுத்த 10,000 கிலோமீட்டரில் அந்தத் துளையைச் சுற்றிப் பச்சைப் படிவம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவர் நோட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.